பிரைமரிக்குப் போய் ஓட்டுப் போட வேண்டுமா, நவம்பர் போதாதா?

புதுக்குடிமகன்:

வணக்கம். டெக்சஸ், பிளேனோவில் இருக்கிறோம். எச்-1பி, கிரீன் கார்டு என்று பதினாறு வருடப் படலம் முடிந்து போன அக்டோபரில்தான் நானும் மனைவியும் குடியுரிமை உறுதிமொழி எடுத்தோம். வெளியே வரும்போதே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார்கள், நின்ற இடத்திலேயே நிரப்பிக் கொடுத்தோம், அட்டையும் தபாலில் வந்துவிட்டது. அதுவரை சந்தோஷம்.

இப்போது மார்ச்சில் பிரைமரி என்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர், அது கட்சிக்காரர்கள் சமாசாரம், நமக்கு நவம்பர் போதும் என்கிறார். இன்னொருவர் நவம்பரில்தான் எல்லாம் முடிந்திருக்குமே, மார்ச்தான் முக்கியம் என்கிறார். எனக்கு இரண்டு கட்சியும் முழுசாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, எதிலும் உறுப்பினராகச் சேரவும் இஷ்டமில்லை. தபாலில் தினமும் நாலு பளபள அட்டை வருகிறது, அதில் இருக்கும் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. சேராமல் ஓட்டுப் போட முடியுமா? போடலாம் என்றால் இத்தனை பெயரை எப்படித்தான் படித்து முடிவு செய்கிறீர்கள்? மாமனாரும் எங்களுக்கு முன்பே குடியுரிமை வாங்கியவர், மைத்துனர் மூலமாக வந்தவர், வயது 71, ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஊரில் ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. அவரையும் கூட்டிப் போக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


காபிக்கோப்பை:

வாழ்த்துகள் தம்பி. பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோதான், 22 வருடமாக இங்கேயே கிடக்கிறேன்.

நம் ஊரில் கட்சித் தலைமை விருப்ப மனு வாங்கும், நேர்காணல் நடத்தும், கடைசியில் ஒருநாள் ராத்திரி வேட்பாளர் பட்டியல் வெளியாகும், யாருக்கு சீட்டு என்று நம்மை யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா? அந்த நேர்காணலை நடத்துகிற வேலையைத்தான் இங்கே ஜனங்களிடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர்தான் பிரைமரி. டெக்சஸில் மாநில அளவிலான எந்தப் பதவியையும் 1994-க்குப் பிறகு டெமாக்ரட் ஒருவர் ஜெயித்ததில்லை. அப்படியானால் கவர்னர் யார், அட்டர்னி ஜெனரல் யார் என்பது இத்தனை வருடமாக எந்த மாதம் முடிவாகியிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நியூயார்க் நகரத்தில் கட்சியை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் இதே கதைதான். எனக்கு எந்தக் கட்சியின் மேலும் காதல் இல்லை, கணக்கைச் சொல்கிறேன்.

சேர வேண்டாம். டெக்சஸில் வாக்காளர் பதிவில் கட்சி என்ற கட்டமே கிடையாது. சாவடியில் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் ரிபப்ளிகன் பேலட்டா, டெமாக்ரட் பேலட்டா என்று கேட்பார், சத்தமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், எனக்கு முதல் தடவை கூச்சமாக இருந்தது, பின்னால் வரிசையில் என் பிளாக்கிலேயே இருக்கும் இரண்டு பேர். எந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டீர்கள் என்பது பொதுப் பதிவில் இருக்கும், யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அதற்கு இது கட்டுப்படுத்தாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மார்ச்சில் ஒரு பதவிக்கு யாரும் பாதிக்கு மேல் வாங்கவில்லை என்றால் முதல் இரண்டு பேருக்கு மே மாதக் கடைசியில் ரன்-ஆஃப் நடக்கும். மார்ச்சில் ஒரு கட்சிக்குப் போட்டவர் மே மாதம் அடுத்த கட்சிப் பக்கம் தாவ முடியாது. மார்ச்சில் போகாதவர் மே மாதம் எதில் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அப்போது யாருக்கும் ஞாபகமே இருக்காது. சான் அன்டோனியோவிலிருந்து தெற்கே எல்லை வரை நீள்கிற 28-வது காங்கிரஸ் (இந்த ஊர் நாடாளுமன்றம்) தொகுதியில் 2022 மே மாத டெமாக்ரட் ரன்-ஆஃபில் ஹென்றி குவெய்யார் என்பவர் ஜெயித்தது மறு எண்ணிக்கைக்குப் பிறகு 289 ஓட்டில். மொத்தம் விழுந்ததே சுமார் 45 ஆயிரம்.

அடுத்து என் சொந்த அசட்டுத்தனம். முதல் பிரைமரிக்கு இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்து, பெயர்களை எல்லாம் போனில் நோட்ஸில் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே போனை அணைத்துப் பையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். டெக்சஸில் வாக்குப் பதிவு செய்யும் இடத்திலிருந்து 100 அடிக்குள் போனைத் தொடக்கூடாது. மேலே உள்ள பெரிய பெயர்கள் ஞாபகம் இருந்தன. கீழே போகப் போக ஒன்றும் இல்லை. ரெயில்ரோடு கமிஷனர் என்று ஒரு பதவி வந்தது, சரி ரயில்வே, நம் வாழ்க்கைக்கும் ரயிலுக்கும் என்ன என்று பெயர் நன்றாக இருந்த ஆளுக்கு ஒரு குத்துக் குத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தேடினால், 1891-ல் ரயில்வேக்காக ஆரம்பித்த கமிஷன் அது, இப்போது அதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமே கிடையாது, டெக்சஸின் எண்ணெய்க் கிணறு, எரிவாயு, பைப்லைன் எல்லாம் அந்த மூன்று பேர் கையில். ஆறு வருடப் பதவி. பெயர் நன்றாக இருந்தது என்று போட்டிருக்கிறேன்.

அதனால் பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள், பேப்பருக்குத் தடை இல்லை. கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் தளத்தில் பெயரும் பிறந்த தேதியும் போட்டால் உங்கள் முகவரிக்கு உரிய மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும். இரண்டு கட்சிக்கும் தனித்தனியாக எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து மேலே படித்துக்கொண்டு வாருங்கள். உச்சியில் இருப்பவர்களைப் பற்றி வேண்டாம் என்றாலும் காதில் விழும். நீதிபதி, கவுன்டி கமிஷனர், கான்ஸ்டபிள், இவர்களைப் பற்றி நாமாகத் தேடினால்தான் உண்டு. இங்கே நீதிபதிகளும் கட்சிப் பெயரில்தான் நிற்கிறார்கள். 2024 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பதவியில் இருந்த மூன்று பேர், அதில் ஒருவர் 1994-ல் தேர்வானவர், பிரைமரியிலேயே தோற்றுப் போனார்கள். செய்தி படிக்காத ஜனங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நீதிமன்றம் இருப்பது தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

படிக்க: லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் என்று 1920-லிருந்து இருக்கிற அமைப்பு, அவர்களுடைய வோட்-411 தளத்தில் முகவரி கொடுத்தால் வேட்பாளர்கள் சொந்தக் கைப்பட எழுதிய பதில்கள் இருக்கும். பதிலே அனுப்பாதவர்களும் இருப்பார்கள், அதுவும் ஒரு தகவல்தான். உள்ளூர்ப் பத்திரிகைகள் வேட்பாளர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுப் போடுகின்றன. அந்தப் பளபள அட்டைகளைத் தூக்கிப் போடுவதற்கு முன் கீழ் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் யார் காசு கொடுத்து அச்சடித்தது என்று இருக்கும், அதை மட்டும் படியுங்கள். ஒருவரைத் திட்டி வந்த அட்டையில் எதிர் வேட்பாளர் பெயர் இருக்காது, "குடும்பங்களுக்காக", "எதிர்காலத்துக்காக" என்று ஏதோ ஒரு குழு இருக்கும். அந்தக் குழுவின் பெயரைத் தேடிப் பார்ப்பதில் பத்து நிமிடம் போனால் போகட்டும்.


ஒற்றையடிப்பாதை:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் பதினோரு வருடமாகக் குடிமகன், ஒரு பிரைமரிக்கும் போனதில்லை, குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் கொட்டுகிறவர்கள் முடிவு செய்கிற விஷயம் இது. லட்சக்கணக்கில் ஓட்டு விழுகிற இடத்தில் என் ஒன்று போனால் என்ன, வந்தால் என்ன. வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, வாரக்கடைசி சந்திப்பு, இதற்கு நடுவில் கான்ஸ்டபிள் யார் என்று உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய யாருக்கு நேரம்? மனசாட்சிப்படி சொல்லுங்கள்.


மவுன்டன்வியூ மாமா:

ஒற்றையடிப்பாதை தம்பிக்கு. நானும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், 2024 மார்ச் வரை.

கலிபோர்னியாவில் முறை வேறு. 2010-ல் மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றிக்கொண்டது. காங்கிரஸ், மாநிலப் பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளரும் ஒரே சீட்டில் இருப்பார்கள், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் நவம்பருக்குப் போவார்கள், இரண்டு பேரும் ஒரே கட்சியாகவும் இருக்கலாம். எங்கள் 16-வது காங்கிரஸ் தொகுதியில் 1993-லிருந்து இருந்த ஆனா எஷூ ஓய்வு பெறுகிறேன் என்றதும் பதினோரு பேர் குதித்தார்கள். சான் ஹொசே முன்னாள் மேயர் சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாம் இடத்துக்கு எவன் லோ, ஜோ சிமிட்டியன் என்று இரண்டு பேர். எண்ணினார்கள், எண்ணினார்கள், வாரக்கணக்கில் எண்ணினார்கள். கடைசியில் இவருக்கு 30,249. அவருக்கும் 30,249.

சரிசமம். சட்டப்படி மூன்று பேருமே நவம்பருக்குப் போகலாம் என்றார்கள். பிறகு மறு எண்ணிக்கை கேட்டு, மறுபடி எண்ணி, லோ ஐந்து ஓட்டில் இரண்டாவது. சிமிட்டியன் வெளியே.

இதில் என் பங்கு என்ன தெரியுமா. இங்கே பதிவில் இருக்கிற எல்லாருக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வந்துவிடும், வரிசை கிடையாது, ஸ்டாம்ப்கூட ஒட்ட வேண்டாம். எங்கள் வீட்டுக்கு இரண்டு கவர் வந்தது. மனைவி ஒரு வாரத்திலேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். என்னுடையது ஃப்ரிட்ஜ் மேல், கார் இன்சூரன்ஸ் கடிதத்துக்கும் பள்ளிக்கூட நோட்டீஸுக்கும் நடுவில், நாளைக்கு நாளைக்கு என்று கிடந்தது. ஏப்ரலில் 30,249 செய்தி வந்த அன்றைக்குத் தூக்கிப் பார்த்தேன், கவரின் ஓரம் எண்ணெய்க் கறை பட்டு, பிரிக்காமல் அப்படியே இருந்தது. அந்த ஐந்து ஓட்டு எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியே உட்கார்ந்துவிடும் தம்பி. நான் யாருக்குப் போட்டிருப்பேன் என்று கேட்காதீர்கள், மனைவிக்கே சொல்லவில்லை.

காசு கொட்டுகிறவன்தான் ஜெயிக்கிறான் என்பதும் பாதிதான் உண்மை. வர்ஜீனியாவில் 2014 ஜூனில் எரிக் கேன்டர், காங்கிரஸின் பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், கைநிறையப் பணம், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பொருளாதாரப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். 1899-ல் அந்தப் பதவி உருவானதிலிருந்து அதில் இருந்த ஒருவர் பிரைமரியில் தோற்றது அதுதான் முதல் தடவை. நியூயார்க்கில் 2018-ல் பத்து முறை ஜெயித்த ஜோ கிரவுலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வீழ்த்தியபோது அவருக்கு விழுந்தது சுமார் 17 ஆயிரம் ஓட்டு. ஏழு லட்சம் பேர் வாழ்கிற தொகுதி அது. பிரைமரிக்கு வருகிறவர்கள் அவ்வளவு குறைவு, ஓட்டுரிமை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வந்தாலே பெரிய விஷயம். கூட்டம் குறைவாக இருக்கிற இடத்தில்தான் உங்கள் ஒன்றுக்கு எடை அதிகம், நவம்பரில் அல்ல.


குடைக்காரன்:

பென்சில்வேனியாவிலிருந்து ஒரு எச்சரிக்கை. காபிக்கோப்பை அக்கா சொன்னது டெக்சஸ் விதி, அதை அப்படியே மற்ற மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நான் பதிவு செய்தபோது கட்சி என்ற கட்டத்தில் "எதுவும் இல்லை" என்று டிக் அடித்தேன். நமக்கு எதற்கு வம்பு என்ற நல்ல எண்ணம்தான். 2021 மே மாதம் பிரைமரி. என் பெண்ணோடு படிக்கிற பிள்ளையின் அம்மா பள்ளி வாரியத்துக்கு நின்றார், கணக்குப் பாடத்தை மாற்றுவதைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பேசுகிறவர், அவருக்காகவே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாவடியில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும், நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை, வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட முடியாது என்றார்கள். இங்கே மூடிய பிரைமரி, கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும். அந்த வருடம் மாநில அரசியலமைப்புத் திருத்தக் கேள்விகள் இருந்ததால் அதற்கு மட்டும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள், போட்டுவிட்டு வந்தேன்.

எரிச்சல் எங்கே என்றால், பென்சில்வேனியாவில் பள்ளி வாரியத்துக்கு நிற்பவர்கள் இரண்டு கட்சி பிரைமரியிலும் ஒரே சமயத்தில் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்துவிட்டால் நவம்பரில் இரண்டு பக்கமும் அவர் பெயர்தான், அப்புறம் போட்டி என்ன இருக்கிறது? பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களை மே மாதமே முடிவு செய்துவிட்டார்கள், நான் வம்பு வேண்டாம் என்று வெளியே நின்றேன். அடுத்த நாளே ஆன்லைனில் கட்சியை மாற்றினேன். எந்தக் கட்சி என்பதைப் பெரிதாக யோசிக்கவில்லை, எங்கள் ஊரில் எந்தக் கட்சியின் பிரைமரியில் நிஜப் போட்டி நடக்கிறதோ அது. கொள்கைவாதிகள் திட்டலாம்.

கெடு நாட்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எங்களுக்கு பிரைமரிக்கு 15 நாள் முன்புவரை மாற்றலாம். நியூயார்க்கில் பிப்ரவரி 14-க்குள் கட்சி மாற்றியிருக்க வேண்டும், பிரைமரியோ ஜூனில், அதனால் ஜூனில் விழித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது. நியூஜெர்சியில் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற 55 நாள் முன்பே சொல்ல வேண்டும், ஆனால் எதிலும் இல்லாதவர் அன்றைக்கே சாவடியில் சொல்லிப் போடலாம். புளோரிடாவும் மூடியதுதான், அங்கே 29 நாள். உங்கள் மாநிலத்துக்கு என்ன என்று மாநிலத் தேர்தல் தளத்தில் இன்றைக்கே பாருங்கள், வாட்ஸப்பில் வருகிற பட்டியலை நம்பாதீர்கள், போன வருடத்துப் பட்டியல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.


பச்சைஅட்டை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு கிரீன் கார்டுதான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது வாக்காளராகப் பதிய விருப்பமா என்று திரையில் கேட்டது. உள்ளூர்த் தேர்தலுக்காவது போடலாமா?


காபிக்கோப்பை:

வேண்டவே வேண்டாம். திரை எல்லாரையும் கேட்கும், இல்லை என்று அழுத்திவிட்டு வாருங்கள். குடிமகன் அல்லாதவர் அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகும், தெரியாமல் பதிந்துவிட்டேன் என்றாலும் சிக்கல்தான். குடியுரிமை விண்ணப்பமான என்-400-லேயே இதுவரை பதிந்திருக்கிறீர்களா, ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று தனியாகக் கேட்கிறார்கள். தெரியாமல் ஏற்கெனவே ஆம் என்று அழுத்தியிருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மேரிலாந்து மாதிரி சில இடங்களில் ஒருசில ஊர்கள் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் அனுமதிக்கின்றன என்பது வேறு கதை, அதைப் படித்துவிட்டு உங்கள் ஊரில் முயற்சி செய்ய வேண்டாம். வேட்பாளருக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யலாம், கிரீன் கார்டு இருப்பவர் நன்கொடையும் தரலாம், எச்-1பி-யில் இருப்பவர் நன்கொடை தரக்கூடாது.


ஒற்றையடிப்பாதை:

மாமாவின் ஃப்ரிட்ஜ் கதைக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் நிஜமாகவே இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, பெயர் அழகாக இருக்கிறது என்று ரெயில்ரோடு கமிஷனருக்குக் குத்துவதைவிடப் போகாமல் இருப்பது நேர்மை இல்லையா?


காபிக்கோப்பை:

குத்தினால் திருப்பிக் குத்துகிறீர்கள், சரி. தெரியாத பதவியை வெறுமனே விட்டுவிடலாம் தம்பி. நாற்பது பதவி இருக்கிற சீட்டில் ஆறுக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் அந்த ஆறும் எண்ணப்படும், மீதியை விட்டதால் சீட்டு செல்லாமல் போகாது. இது தெரியாமல்தான் முதல் தடவை நான் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்று பரீட்சைப் பேப்பர் மாதிரி நினைத்துவிட்டேன். இப்போதும் எல்லாவற்றையும் படிப்பது கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் நான்கு பதவியைப் பிடித்து ஒழுங்காகப் படிக்கிறேன், மற்றதில் தெரிந்தால் போடுவேன், இல்லையென்றால் வெறும் கட்டம். நீச்சல் வகுப்பில் குழந்தை நீந்துகிற முக்கால் மணி நேரம் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் புதுக்குடிமகன் தம்பி, மாமனார் விஷயத்தை விட்டுவிட்டேன். 1965 வாக்குரிமைச் சட்டத்தில் 208-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பார்வை, உடல் இயலாமை, படிக்க முடியாமை என்று உதவி தேவைப்படுகிறவர் தனக்கு வேண்டிய ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளலாம். அவருடைய முதலாளியாகவோ தொழிற்சங்கத்தின் ஆளாகவோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மகள் போகலாம், மருமகனும் போகலாம். உதவுகிறவர் ஒரு படிவத்தில் விவரம் எழுதி உறுதிமொழி சொல்ல வேண்டும், யாருக்குப் போடுவது என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது, படித்துக் காட்டலாம், அவர் சொல்வதைக் குறிக்கலாம். கலிபோர்னியாவின் சில கவுன்டிகளில் தமிழிலேயே மாதிரிச் சீட்டு வைக்கிறார்கள், நமக்கு இங்கே அந்தக் கொடுப்பினை இல்லை.

65 தாண்டியவர் என்பதால் டெக்சஸில் தபால் ஓட்டும் கேட்கலாம், விண்ணப்பத்திலேயே எந்தக் கட்சியின் பிரைமரி என்று குறிக்க வேண்டும். ஆனால் கவரை ஒட்டுவதற்கு முன் மூடிக்குக் கீழே லைசென்ஸ் எண்ணோ சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நான்கு இலக்கமோ எழுதும் கட்டம் இருக்கிறது, ஒட்டிவிட்டால் அந்தக் கட்டம் கண்ணில் படாது. 2022 மார்ச் பிரைமரியில் இந்த விதி புதுசாக வந்தபோது 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள் நிராகரிக்கப்பட்டன. ஊரில் ஒரு தேர்தலையும் விடாதவர் என்கிறீர்கள், அவருக்கு நேரில் போவதுதான் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்கூட்டியே ஓட்டுப் போடுகிற நாட்கள் பத்துப் பதினொன்று உண்டு, வார நாளில் மத்தியானம் போனால் நாற்காலியில் உட்காரக்கூட நேரம் இருக்காது, உடனே ஆகிவிடும்.

எல்லாருடைய பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். நம் ஆட்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை தீராது. அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் விரிந்திருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும், மூன்றாவதில் முன்பின் மாறியிருக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடலாம், விரட்டிவிட மாட்டார்கள். ஆனால் வரிசையில் நிற்கும்போது பதற்றப்படாமல் இருக்க அட்டையையும் லைசென்ஸையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


புதுக்குடிமகன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி பார்த்தேன், மனைவிக்கு அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்து மூன்று பெயராக அட்டையில் நிற்கிறது, லைசென்ஸில் இரண்டுதான். கவுன்டிக்குத் திருத்தம் அனுப்பிவிட்டோம்.

நேற்று ராத்திரி இரண்டு கட்சியின் மாதிரிச் சீட்டையும் அலுவலக பிரின்டரில் அடித்துக்கொண்டு வந்து மேஜையில் பரப்பினேன், மொத்தம் எட்டுப் பக்கம். மனைவி கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மாமனார் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டார், ஒவ்வொரு பதவியாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது என்ன வேலை, சம்பளம் உண்டா, யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எங்களைக் குடைகிறார். பாதிக்கு எங்களுக்கே பதில் தெரியவில்லை, கூகுளில் தேடித் தேடிச் சொன்னோம். நீதிபதிகள் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "நீதிபதி ஓட்டுக் கேட்டு வருவாரா? அப்புறம் ஓட்டுப் போடாதவன் கேஸ் அவர்கிட்ட போனா?" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள், நான் பிரின்டரைப் பார்த்தேன்.

இன்றைக்கு ராத்திரி அங்கிருந்துதான் தொடர வேண்டும். அக்கா, நீதிபதி வேட்பாளர்களைப் பத்திரிகைகள் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதாகச் சொன்னீர்களே, அதில் மாமனார் கேட்ட கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அந்த லிங்கை மட்டும் போடுங்கள்.